துரை சொல்லாமல் விட்ட எண்

செவ்வாய், காலை 9.40

விமானம் இருபத்தைந்து நிமிடம் தாமதமாக யாங்கூனில் இறங்கியது. முப்பத்தாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு, ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆன பிறகும் இந்தப் பழக்கம் விடுவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலில் தங்கக் கோபுரம் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே நேரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஊருக்குள் போக டாக்சிக்கு முப்பத்தைந்தாயிரம் கியாட். நம் பணத்தில் எழுநூறு ரூபாய்க்குப் பக்கம். ஓட்டுநருக்கு ஓரளவு ஆங்கிலம் தெரிந்திருந்தது. கோயிலா, வியாபாரமா என்று கேட்டார். ரயில் விஷயமாக வந்திருக்கிறேன் என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, எங்கள் ரயிலைப் பார்க்க அவசரமே வேண்டாம், அது எங்கும் ஓடிவிடாது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த நாட்டிலும் ரயிலைக் கேலி செய்வதற்கு டாக்சிக்காரர்களைக் கேட்கவே வேண்டியதில்லை.

தங்கியது கியாக்டடாவில், சூலே கோபுரத்திலிருந்து நான்கு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. வரவேற்பு மேஜையில் ஜெனரேட்டர் ஓடும் நேரங்களை ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். கிட்டத்தட்ட நம் பழைய ரயில்வே கால அட்டவணை போலவே இருந்தது. அதைப் பார்த்ததும் ஊர் பிடித்துப்போயிற்று.

நான் ஏன் வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்களுக்கான ஒரு சிறு பத்திரிகையில், பழைய மீட்டர்கேஜ் ஸ்டேஷன்களைப் பற்றி எப்போதோ ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதை எப்படியோ பிடித்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து மார்கரெட் என்ற அம்மையார் மின்னஞ்சல் அனுப்பினார். வயது எழுபத்தாறு. அவருடைய அப்பா ஆஷ்பி, பர்மா ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவர். கடைசிக் காலத்தில் தன் உத்தியோக வாழ்க்கையை, வீட்டார் படிப்பதற்காக, நூற்று நாற்பது பக்கம் தட்டச்சு செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார்.

இந்த ஆங்கிலேயர்கள் தங்கள் உத்தியோகத்தைப் பற்றி எழுதினால் அதில் உத்தியோகம் மட்டும்தான் இருக்கும். கல்யாணத்துக்கு ஒரு வரி, மூட்டுவலிக்கு இரண்டு வரி. ஆஷ்பி இருபத்திரண்டு வயதில் ரங்கூனுக்குப் பயிற்சி அதிகாரியாக வந்தார். போக்குவரத்துப் பிரிவு. வார நாட்களில் ரயில்வே கோட்டு, சனிக்கிழமை காக்கி. ரயில்வே ஊழியர்களை வைத்தே ஒரு ரிசர்வ் படை இருந்தது, அதில் இவர் கேப்டன். படிப்படியாக மாவட்டப் போக்குவரத்து மேலாளர் ஆனார். போருக்குப் பிறகு சொந்த ஊர் திரும்பி, அங்கே ஒரு ரயில்வே வட்டாரத்துக்கே மேலாளராகவும் ரிசர்வ் படையில் கர்னலாகவும் உயர்ந்தார். ஒரு பதக்கமும் உண்டு. மனிதர் நேரம் தவறாதவர் என்பது எழுத்திலேயே தெரிந்தது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

ஜப்பானியர் வந்ததால் ரங்கூனைக் காலி செய்த வாரத்துக்கு அவர் ஒதுக்கியது இரண்டரைப் பக்கம். தன் மாவட்டத்தில் எல்லா ஸ்டேஷன் ஆட்களையும் பத்திரமாக வெளியேற்றிவிட்டதாகவும், ஒரே ஒருவர் மட்டும் விதிவிலக்கு என்றும் எழுதியிருக்கிறார். ஆற்றுப் பாலத்தை ஒட்டிய சிறிய ஸ்டேஷன். பெயர் சின்னையா. நானே டெலிபோன் செய்து, அங்கே நிற்கும் வண்டியில் ஏறிப் போகச் சொன்னேன், அவர் போகவில்லை, ஏன் போகவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை என்று அந்தப் பத்தி முடிகிறது.

அந்த ஆளைப் பற்றித் தெரியுமா, அவர் ஏன் போகவில்லை என்று அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார் என்று மார்கரெட் எழுதியிருந்தார். நான் ஓய்வூதியக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் விசாரித்தேன். நான்கு மாதம் கழித்து, யாங்கூனில் ஒரு முருகன் கோயில் கமிட்டிக்காரர் வழியாகப் பதில் வந்தது. சின்னையாவின் மகன் மாணிக்கம் தாமுவேயில் இருக்கிறார். அவரும் ஒன்று கேட்க வேண்டுமாம், ஆனால் நேரில்தான் கேட்பாராம். பாஸ்போர்ட் சும்மாதானே கிடக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

புதன், காலை 7.15

தாமுவே நெரிசலான பகுதி. ஒவ்வொரு கட்டடத்திலும் பால்கனிகளிலிருந்து தெருவரைக்கும் கயிறுகள் தொங்குகின்றன. கீழே நின்று கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். மாணிக்கத்தின் வீடு நான்காம் மாடி. இழுத்தேன். சிறிது நேரத்தில் அதே கயிற்றில் ஒரு கிளிப்பில் மாட்டிய சாவி ஆடிக்கொண்டே இறங்கி வந்தது. கீழ்க் கதவைத் திறந்துகொண்டு நாமே ஏறிப் போக வேண்டியதுதான்.

மாணிக்கத்துக்கு வயது எழுபத்தேழு. பர்மியப் பெயர் ஊ மியோ வின். அம்மா பர்மியர். இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, கட்டம் போட்ட லொங்ஜிக் கைலி, சட்டைப் பையில் ஒரு பென்சில். அவர் மகள் மா தீரி ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறார். தமிழ் காதில் விழுந்தால் புரியும், பேச நான்கைந்து வார்த்தைதான். ஒரு கிண்ணம் மொஹிங்காவை என் முன்னால் வைத்து, "அங்கிள், சாப்பிடு" என்றார். மீன் குழம்பில் ஊறிய அரிசிச் சேமியா. அந்த 'சாப்பிடு'வுக்காகவே இன்னொரு கிண்ணம் கேட்டேன். மா தீரியின் பிள்ளை பாங்காக்கில் இருக்கிறான் என்றார்கள். போய் ஒரு வருடமாகிறதாம். ஏன் போனான் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே இருபது வயதுப் பையன்களை ராணுவம் கட்டாயமாகச் சேர்த்துக்கொள்கிறது என்பது தெரிந்ததுதான், நானும் கேட்கவில்லை.

சுவரில் புத்தரும் முருகனும் ஒரே மாடத்தில். பக்கத்தில் சின்னையாவின் படம். ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கென்று ஒரு முகம் உண்டு, யாரோ கூப்பிடுவதை எதிர்பார்த்தபடி கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். அந்த முகம்.

"எங்க அப்பாரு சொன்னத சொல்றேன் மாஸ்டர், கேளுங்க" என்று மாணிக்கம் ஆரம்பித்தார். நான் ஸ்டேஷன் மாஸ்டர் என்று தெரிந்ததிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிட்டார். "அன்னிக்கு சாயந்தரம் ஸ்டேஷன்ல ஒரே ஒரு வண்டி நிக்குது. வடக்க போற கடைசி வண்டி. அதுல பெரியம்மாவும் அக்காவும் ஏறி உக்காந்துட்டாங்க. பெரியம்மான்னா அப்பாரோட மொத சம்சாரம். அக்காவுக்கு நாலு வயசு. நான் அவங்களப் பாத்ததில்ல. சண்டை முடிஞ்சு, அப்பாரு எங்கம்மாவக் கட்டி, அப்புறம் பொறந்தவன் நானு."

"அப்பாவும் அதே வண்டியில போறதா இருந்தாரா?"

"இல்ல. ஸ்டேஷன விட்டுப் போகணும்னா மேல இருந்து சொல்லணுமே. சொன்னதும் பின்னாலயே வந்துர்றேன்னு சொல்லி ஏத்தி வுட்டிருக்காரு. அப்ப டெலிபோன் அடிச்சுது. எடுத்தா தொரை கொரலு மாதிரி. ஸ்டேஷனப் பூட்டு, அந்த வண்டியிலயே ஏறிப் போன்னுது. அப்பாரு, நம்பர் சொல்லுங்க சார்ன்னாரு. மறுபடியும் போ போன்னுது. நம்பர் சொல்லல. வச்சிட்டாங்க."

"அப்புறம்?"

"பச்சைக் கொடி காட்டுனாரு. வண்டி போயிருச்சு."

ரயில்வேயில் இல்லாதவர்களுக்கு இந்த எண் விஷயத்தை விளக்க வேண்டும். டெலிபோனில் யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம் என்பதால், முக்கியமான உத்தரவுகளோடு ஒரு ரகசிய எண்ணும் சொல்ல வேண்டும். பிரைவேட் நம்பர் என்போம். ஸ்டேஷனில் ஒரு தாளில் ஒழுங்கில்லாமல் எண்கள் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் அடுத்த எண்ணைப் பயன்படுத்திவிட்டு, அதன்மேல் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். எண் இல்லாத செய்தி, செய்தியே அல்ல. போர் நெருங்கியபோது ஆஷ்பி இதை இன்னும் இறுக்கினார். ஒரே தாளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்து, ஒன்றைத் தானே வைத்துக்கொண்டார். எதிரி ஆட்கள் டெலிபோன் கம்பியில் குறுக்கே புகுந்து பேசலாம், என் குரல் போலவே இருந்தாலும் தாளில் உள்ள அடுத்த எண்ணைச் சொன்னாலொழிய நம்பாதீர்கள் என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நேரில் போய்ச் சொல்லியிருக்கிறார். நூற்று நாற்பது பக்கத்தில் அவர் மிகவும் பெருமைப்பட்டுக்கொள்ளும் காரியம் அதுதான், அறுபத்தொன்றாம் பக்கம்.

பெரியம்மாவும் சிறுமியும் வண்டி நின்றுபோன இடத்திலிருந்து மற்றவர்களோடு மலைவழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள். சண்டை ஓய்ந்த பிறகு, கூட நடந்தவர் ஒருவர் திரும்பி வந்து சொன்னாராம். மலை ஏறும்போது முதலில் குழந்தை. அப்புறம் ஏழு நாள் கழித்து அவள் அம்மா.

மா தீரி கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இந்தக் கதையை அவர் எத்தனையோ முறை கேட்டிருக்க வேண்டும்.

புதன், காலை 10.05

அப்பா பிற்காலத்தில் வேலை பார்த்த இடத்தைக் காட்டுகிறேன் என்று மாணிக்கம் இன்சீனுக்கு அழைத்துப் போனார். ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயில். முழுச் சுற்று நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாங்கள் தாமுவேயில் ஏறி, சென்ட்ரல் வழியாக, எதிர்ப்பக்கம் இருக்கும் இன்சீன்வரை போனோம். பதினெட்டு நிமிடம் தாமதம். டாக்சிக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. ரயில்வேக்காரன் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

பெட்டிக்குள் முட்டைகோசு மூட்டைகள், கன்னத்தில் சந்தனம் போல தனாகா பூசிய பெண்கள், காடை முட்டை விற்பவர். சென்ட்ரலில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. பிளாட்பாரத்தில் ஒரு ஊழியர் பச்சைக் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மாணிக்கம் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்ததும் பேசினார்.

"எனக்கு இருபத்துநாலு வயசு அப்ப. வேலையும் கெடைக்கல, எதுக்கெடுத்தாலும் கோவம். ஒரு நாள் வாய்ச்சண்டையில சொல்லிட்டேன் மாஸ்டர். அது தொரைதான், வேற யாரு, ஒரு நம்பருக்காக அவங்க ரெண்டு பேரையும் கொன்னுட்டீங்கன்னு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தமிழ்ல சொன்னேன். எங்க வூட்டுல தமிழ் நாங்க ரெண்டு பேரும் மட்டும்தான் பேசிக்குவோம். அம்மாவுக்குத் தெரியாதில்ல. அன்னியோட நிறுத்திட்டாரு. அதுக்கப்புறம் எங்கிட்ட எல்லாமே பர்மா பாஷைதான். ஏழு வருசம். ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப தண்ணி கேட்டாரு, அதுவும் பர்மா பாஷையில."

வண்டி ஹிலெடானைத் தாண்டியது. கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஏறினார்கள். மாணிக்கம் அவர்களுக்கு இடம் விட்டு என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.

"எதிரி ஆளுதான் பேசியிருப்பான், அதான் நம்பர் தெரியலேன்னு அப்பாரு சாகறவரைக்கும் நம்புனாரு. அது மட்டும் உண்மையா இருந்துட்டா, நான் சொன்னது பொய்யாப் போயிரும். படத்துக்கு முன்னால போய் நின்னு, தப்பா சொல்லிட்டேம்பான்னு சொல்லிருவேன். தொரை எழுதி வச்சிருக்காருன்னு சொன்னீங்களே. அதுல அவரு போன் பண்ணலேன்னுதான இருக்கும்?"

இன்சீன் வந்துவிட்டது. பட்டறை வாசலை வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. படம் எடுக்க வேண்டாம் என்று மாணிக்கம் கையைப் பிடித்துக்கொண்டார். சுவருக்குப் பின்னால் நீளமான தகரக் கூரைகள், ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி. போருக்குப் பிறகு சின்னையா ஸ்டேஷன் வேலைக்குத் திரும்பவில்லையாம். டெலிபோன் இல்லாத வேலை கொடுங்கள் என்று கேட்டு, இங்கே ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்திருக்கிறார்.

மார்க்கெட் முனையில் உயரமில்லாத பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்கார்ந்து லபெயே குடித்தோம். பால் டின் ஊற்றிய கெட்டித் தேநீர், கிளாஸ் இரண்டாயிரம் கியாட். அந்தக் காகிதம் என்ன சொல்கிறது என்று அவர் மறுபடி கேட்டார். ஓட்டலில் வைத்துவிட்டேன் அண்ணே, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். பை என் மடியில்தான் இருந்தது. அதற்குள்தான் அந்தப் பக்கங்களும் இருந்தன.

புதன், மாலை 5.30

அறைக்கு வந்து நூற்று நாற்பது பக்கத்தையும் மறுபடி எடுத்தேன். எங்கேயாவது ஒரு வாசல் இருக்காதா என்று தேடினேன். டெலிபோன் செய்தது தானில்லை, தன் பெயரில் வேறு யாரோ என்று ஒரு வரி கிடைத்தால் போதும். கிடைக்கவில்லை. எண்பத்தெட்டாம் பக்கத்தில் வேறொன்று கிடைத்தது. முதல் முறை படித்தபோது சாதாரணமாகத் தாண்டிப்போன பத்தி.

சின்னையாவுக்கு டெலிபோன் செய்த அன்று காலை ஆஷ்பியை ராணுவம் முழுநேரச் சேவைக்குக் கூப்பிட்டுக்கொண்டது. அலுவலகத்திலேயே காக்கி மாற்றிக்கொண்டு புறப்பட்டார். ரயில்வே கோட்டைச் சுவர் ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனார். அதைத் திரும்ப எடுக்கவே முடியவில்லை. அதன் பையில் அவர் அப்பா கொடுத்த பேனா இருந்ததாம். பேனாவுக்காக நான்கு வரி வருந்தியிருக்கிறார்.

நான் அறுபத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டினேன். எண்கள் உள்ள தாளை எப்போதும் கோட்டின் உள்பையில் வைத்திருப்பேன் என்று எழுதியிருந்தார்.

அவ்வளவுதான். அன்று சாயந்தரம் அவர் ராணுவ முகாமிலிருந்து கேப்டனாகப் பேசினார். கேப்டன் சொன்னால் சிப்பாய் கேட்பான், எண் கேட்க மாட்டான். மறுமுனையில் இருந்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். எண் கேட்டார். கேட்கச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். தாள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது இவருக்கு வாழ்நாள் முழுவதும் உறைக்கவேயில்லை. பேனா ஞாபகம் இருந்தது. எனக்குத் தாங்க முடியாத கோபம் வந்தது. இறந்துபோன மனிதர் மேல் கோபப்பட்டு என்ன செய்வது. எழுந்து போய் ஜன்னலில் நின்று சூலேயைச் சுற்றும் பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வியாழன், காலை 9.00

படித்துக் காட்டினேன். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. மாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் மின்சாரம் போயிற்று. மா தீரி பால்கனிக் கதவை விரியத் திறந்து வைத்தார்.

"தொரைதானா?"

"துரைதான் அண்ணே."

"அப்ப நான் சொன்னது சரி."

"சரிதான்."

"நான் தப்பாயிருந்தா நல்லாயிருந்திருக்கும் மாஸ்டர்" என்றார்.

கோட்டு விஷயத்தைச் சொன்னேன். தாள் எங்கே இருந்தது, ஏன் எண் வரவில்லை என்று விளக்கினேன். தப்பு துரையுடையது, உங்கள் அப்பா செய்தது நூற்றுக்கு நூறு சரி, எண் இல்லாததால் விதிப்படி அந்தச் செய்தி அவருக்கு வந்து சேரவே இல்லை, நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மா தீரி திரும்பிப் பார்த்தார்.

"ஏறியிருக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"ஒங்க சம்சாரமும் புள்ளையும் உள்ள உக்காந்திருந்தாலுமா?"

தேநீர் ஆறிப்போயிருந்தது. அதை எடுத்துக் குடித்தேன். மாணிக்கம் எழுந்து போய் மாடத்துக்குக் கீழே இருந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார்.

உள்ளே பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. வரிசையாக எண்கள். முதல் ஐந்தும் ஸ்கேல் வைத்து நேராக அடிக்கப்பட்டிருந்தன. ஆறாவது எண் நாற்பத்தொன்று. அதன்மேல் கோடு இல்லை. நான் வேலை பார்த்த காலத்திலும் இதே மாதிரி தாள்தான், அடிப்பதும் இப்படித்தான். என்னால் அதைத் தொட முடியவில்லை.

"தொரை பொண்ணு, எங்க அப்பாரு ஏன் போகலேன்னு கேட்டாங்கள்ல" என்றார் மாணிக்கம். "சொல்லிருங்க. மறைக்க வேணாம். ஆனா திட்டி எழுதாதீங்க, அவங்களுக்கும் அப்பாதான. ஒண்ணு மட்டும் கேளுங்க. இந்த நம்பர அவங்க வாயால சொல்லட்டும். அவங்கப்பா சொல்ல வேண்டியது."

அன்று மதியமே மார்கரெட்டுக்கு எழுதினேன். அதுவரை எழுதிய கடிதங்களிலேயே அதுதான் கஷ்டமானது. மூன்று முறை கோபமாக எழுதி அழித்துவிட்டு, நான்காவது முறை நடந்ததை மட்டும் எழுதினேன். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. ஒரே வரி. எத்தனை மணிக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தார்.

வெள்ளி, பகல் 12.30

இங்கிலாந்தில் அப்போது காலை ஆறு மணி. மா தீரி தன் செல்போனை மேஜைமேல் ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து, ஒலியைக் கூட்டினார். மாணிக்கம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தாள், பென்சில், ஸ்கேல் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்றேன், மாட்டேன் என்று தலையசைத்தார்.

சரியாகப் பன்னிரண்டரைக்கு அழைப்பு வந்தது. அப்பாவின் பெண்தான், ஒரு நிமிடம் பிசகவில்லை. படம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று மார்கரெட் முன்பே சொல்லியிருந்தார். சொல்ல வேண்டிய வாசகத்தை நான் பழைய முறைப்படி எழுதி அனுப்பியிருந்தேன். அவர் ஆங்கிலத்தில் நிதானமாகப் படித்தார். பணியில் இருக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு, மாவட்டப் போக்குவரத்து மேலாளரின் உத்தரவு. ஸ்டேஷனை மூடவும். நிற்கும் வண்டியில் ஏறிப் புறப்படவும். அங்கே நின்றுவிட்டார். மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, பிரைவேட் நம்பர் நாற்பத்தொன்று என்றார்.

மாணிக்கம் செல்போனை நோக்கிக் குனிந்து, "ஃபார்ட்டி ஒன். ரிசீவ்டு" என்றார். எண்ணைத் திருப்பிச் சொல்லி ரிசீவ்டு என்று முடிக்க வேண்டும் என்பது அவர் அப்பா சிறு வயதில் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்ததாம். ஸ்கேலை வைத்து நாற்பத்தொன்றின்மேல் கோடு போட்டார். ஃபிட்டர் கை, கோடு நேராக விழுந்தது.

தான் செய்ய வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா என்று மார்கரெட் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஒண்ணுமில்ல. டீ குடிக்கச் சொல்லுங்க" என்றார் மாணிக்கம்.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு நன்றி என்றார். அழைப்பு முடிந்தது.

மாணிக்கம் தாளை உறைக்குள் நுழைத்து, உறையை டின்னில் வைத்து மூடினார். "நம்பர் வந்துருச்சு மாஸ்டர்" என்றார். "வண்டிதான் இல்ல."

பிறகு படத்துக்கு முன்னால் போய் நின்றார். நான் எழுந்து பால்கனிப் பக்கம் போனேன், ஆனாலும் சின்ன வீடு, காதில் விழுந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வருடம் கழித்து அவர் அப்பாவிடம் அதே விஷயத்தைத் தமிழில் பேசினார்.

"நான் சொன்னது சரிதாம்ப்பா. ஆனா சொல்லியிருக்கக் கூடாது."

கீழே யாரோ எங்கள் கயிற்றை இழுத்தார்கள். மணி அடித்தது. தண்ணீர்க் கேன்காரர். மா தீரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்கினார்.

வெள்ளி, மாலை 4.50

விமான நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மா தீரி ஒரு பொட்டலம் ஊறவைத்த தேயிலை கொடுத்து, "அங்கிள், திரும்ப வா" என்றார். மாணிக்கம் தெருமுனைவரை வந்தார். என்னை டாக்சியில் ஏற்றிவிட்டு, வண்டி திரும்பும்வரை நின்றிருந்தார். கை காட்டவில்லை. இந்த வீட்டில் யாரும் வழியனுப்பும்போது கை காட்டுவதில்லை என்று முதல் நாளே கவனித்திருந்தேன். அந்தப் பச்சைக் கொடிதான் காரணம் என்று இப்போதுதான் தெரிந்தது. அந்த ஸ்டேஷனின் பெயரை எழுத வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அதனால்தான் எழுதவில்லை.

மானாமதுரையில் என் வீடு தண்டவாளத்திலிருந்து முந்நூறு அடி. வண்டி போகும் சத்தத்திலேயே அது சரியான நேரத்தில் போகிறதா என்று சொல்லிவிடுவேன். விதிப்புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவன் நான். முப்பத்தாறு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் முறை டெலிபோனை எடுத்திருக்கிறேன். ஒரு முறைகூட எண் கேட்காமல் விட்டதில்லை. கேட்டு எழுதி அடித்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். மறுமுனையில் இருந்தவரின் குரல் நடுங்குகிறதா என்று ஒரு முறைகூடக் கவனித்ததில்லை.